சட்டத் தங்கச்சியின் அக்கா

குடையை மடக்குவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்.

"சட்டத் தங்கச்சி வீடு இதுதானுங்களே?"

வாசலை ஒட்டிய மேசை பெரியவளுடையது. அதனால் பதில் சொல்ல வேண்டியவளும் அவளே. "இதுதான், உள்ள போங்க" என்று கையிலிருக்கும் பேனாவால் பின்பக்கம் காட்டுவாள். காட்டிவிட்டு, எழுதிக்கொண்டிருந்த வரியைத் தேடுவாள், வரி கிடைக்காது. அவளும் வக்கீல்தான். தங்கைக்கு ரொம்ப முன்னாலேயே கறுப்பு கவுனை மாட்டியவள். வருகிறவர்களோ அவளைக் குமாஸ்தா என்று எண்ணிக்கொண்டு, "டீயெல்லாம் வேணாம்மா" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். டீ கொடுப்பதாக யாரும் சொல்லியிருக்கவே மாட்டார்கள்.

வீட்டின் முன்னறைதான் அக்கா தங்கை இருவருக்கும் ஆபீஸ். இரண்டு மேசை, நடுவில் ஒரு கம்ப்யூட்டர், அதோடு ஒட்டிக்கொண்டு எப்போதும் இருமுகிற ஒரு பிரிண்டர். பின்னால் சமையல்கட்டு, அங்கே அம்மா. மாடியில் படுக்கை அறைகள். பெரியவளின் வீட்டுக்காரர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவர். டயர் கடைக்கு ஆள் உயர டயரும், பல் டாக்டருக்கு விளக்கு எரிகிற பல்லும் அவர் கைவேலைதான். பெண்டாட்டிக்கு மட்டும் ஒரு சின்னத் தகடுதான் அடித்துக்கொடுக்க முடிந்தது. வக்கீல் சங்கத்தின் விதி அப்படி. வண்ணம் கூடாது, படம் கூடாது, வெற்றி நிச்சயம் என்றெல்லாம் எழுதக் கூடாது. "எங்கிட்ட இருக்கற எழுத்துலயே சின்ன எழுத்து இதுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

பெரியவளுக்கு அதில் வருத்தமில்லை. வக்கீலை ஜனங்கள் தேடி வர வேண்டும், வக்கீல் ஜனங்களைத் தேடிப் போகக் கூடாது. அதை அவள் வேதமாக நம்பினாள். கோர்ட்டு வராந்தாவில் நின்று கால் வீங்கினாலும், முன்னால் போகிற ஆளிடம் "உங்களுக்கு என்ன கேஸ்" என்று வாய் தவறிக்கூடக் கேட்டதில்லை. பல வருஷம் அப்படி நின்றாள். தேடி வந்தவர்கள் வந்தார்கள், வராதவர்கள் வரவில்லை. வராதவர்கள்தான் அதிகம்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில், கோர்ட்டுக்குள் தண்ணீர் புகுந்து கதவை மூடியிருந்தபோது, சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைப் பார்த்துப் பேசினாள். வீட்டு ஓனர் திடீரென்று பூட்டைப் போட்டால் என்ன செய்வது என்பதுதான் விஷயம். அதைக் காய்கறிக்காரியிடம் பேசுகிற மாதிரி சொன்னாள். முடிக்கும்போது, "பயப்படாதீங்க, உங்க சட்டத் தங்கச்சி சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான். ஊரெல்லாம் பரவிவிட்டது. விலாசம் சொல்லவில்லை, நம்பர் சொல்லவில்லை, என்னிடம் வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சங்கத்துப் பெரியவர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். விளம்பரமா, ஆள் பிடிக்கிற வேலையா என்று எல்லா வீடியோவையும் வரிசையாகப் பார்த்தார்கள். ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. தலைவர் மட்டும் கடைசியில் தன் வீட்டு மதில்சுவர்த் தகராறைப் பற்றி அவளிடமே யோசனை கேட்டுவிட்டுப் போனார்.

ஊருக்கே தங்கச்சி ஆகிவிட்டாள். அக்கா எங்கே போவாள்? வயிறு எரிந்தது. நெஞ்சு எரிச்சல் என்று அம்மாவிடம் சொல்லி மருந்து வாங்கிக் குடித்தாள்.

அம்மா பீன்ஸ் நறுக்கும்போது சின்னவளின் வீடியோவைப் போட்டுக்கொண்டுதான் நறுக்குவாள். சின்னவள் அடுத்த அறையில் முழுசாக உட்கார்ந்திருப்பாள். அம்மாவுக்குப் போனில் இருப்பவள்தான் வேண்டும்.

"எப்படி சிரிச்ச முகமா பேசறா பாரு."

"சிரிச்சுட்டே சொன்னா சட்டம் மாறிடுமாம்மா?" முட்டை உரித்துக்கொண்டிருந்த பெரியவள் கேட்டாள்.

"மாறாது. கேக்கத் தோணுமில்ல. நீ பேசினா எனக்கே பயமா இருக்கு, நான் என்ன தப்பு பண்ணிட்டேனோன்னு."

"எனக்கு அப்படித்தான் பேச வரும்."

"அதத்தான் சொல்றேன். அவகிட்ட கொஞ்சம் கத்துக்கயேன்."

"அவளுக்குக் கத்துக்குடுத்ததே நாந்தாம்மா."

"இல்லன்னு யாரு சொன்னா? உப்பு எடு."

முட்டை ஓட்டோடு பாதி வெள்ளையும் பிய்ந்து வந்தது.

கற்றுக்கொடுத்தாள் என்பது பொய்யில்லை. அதில் முதல் பாடம், கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி. என்ன பிரச்சினை என்று கேட்கக் கூடாது. "எதிர்ப்பக்கம் யாரு?" என்றுதான் கேட்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஏற்கெனவே நம்முடைய கட்சிக்காரராக இருந்தால், வந்தவர் வாயைத் திறப்பதற்குள் எழுப்பி அனுப்பிவிட வேண்டும். காதில் விழுந்ததை அப்புறம் விழாததாக ஆக்க முடியாது. ஒரே ஆபீஸில் இரண்டு வக்கீல் என்றால் ஒருத்தி காதில் விழுந்தது இன்னொருத்தி காதிலும் விழுந்த மாதிரிதான். அழுதுகொண்டே வருகிறவர்களைக்கூடப் பெரியவள் கையைக் காட்டி நிறுத்துவாள். "அழறதுக்கு முன்னாடி பேரச் சொல்லிடுங்க" என்பாள். சிலர் அதிலேயே அழுகை நின்று எழுந்து போயிருக்கிறார்கள்.

சின்னவளுக்கு இப்போது முக்கால்வாசிப் பேர் போன் வழியாகத்தான் எழுதிக் கேட்கிறார்கள் என்று தெரிந்த நாளில் பெரியவள் கேட்டாள்.

"மெசேஜ்ல வர்றவங்ககிட்ட பேரு கேக்கறியாடி?"

"கேட்டா ஓடிருவாங்கக்கா. பேரச் சொல்லப் பயந்துதானே அங்க வர்றாங்க. ஒருத்தர் பேரு மழைமேகம். இன்னொருத்தர் மூஞ்சிக்குப் பதிலா பூனை வச்சிருக்காரு."

"அந்தப் பூனை நம்ம எதிர்க்கட்சியா இருந்தா?"

"பூனைக்கு என்னக்கா கேஸ்?"

"சிரிக்காதடி. பொதுவா பேசறதோட நிறுத்திக்க. ஒருத்தருக்குன்னு யோசனை சொல்லிட்டா அவங்க உன் கட்சிக்காரங்க. காசு வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி."

"தெரியும்க்கா. நீதானே சொல்லிக்குடுத்தே."

சண்டை போடக்கூட இடம் கொடுக்காமல் அவ்வளவு இனிமையாகச் சொன்னாள்.

பெரியவளிடம் அப்போது உருப்படியாக இருந்தது ஒரே ஒரு கேஸ். பஸ் நிலையத்துக்குப் பின்னால் வரிசையாகக் கடைகள் வைத்திருந்த கட்டட முதலாளியின் கேஸ். அதன் விவரம் எதையும் தங்கையிடம் அவள் வாய் திறந்து சொன்னதில்லை. இடித்துக் கட்ட வேண்டும் என்று எல்லாரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். எல்லாரும் போய்விட்டார்கள். துணி தேய்க்கிற கடைக்காரம்மா மட்டும் போகவில்லை. புருஷன் இல்லாதவள், அந்தக் கடை தவிர வேறு பிழைப்பும் இல்லை. பெரியவள் நோட்டீஸ் அனுப்பினாள், வழக்குப் போட்டாள். வாடகை பாக்கியில்லை, கடையில் கோளாறில்லை. பிடித்துக்கொள்ள வேறு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வாய்தா வாங்கி வாங்கி அந்த அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்யும் நாளும் கிட்டே வந்துவிட்டது.

அன்று மத்தியானம் நல்ல மழை. கேட்க வேண்டிய கேள்விகளைப் பிரிண்ட் எடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். சின்னவள் அவசரமாகக் கிளம்பிப் போனதில் தன் மெசேஜ் பெட்டியைத் திறந்தபடியே விட்டிருந்தாள். திரையில் ஒரு வரி வந்து விழுந்தது.

"அக்கா, இருக்கீங்களா?"

எழுதியது மழைமேகம். பெரியவளுக்கு முதலில் குத்தியது அந்த 'அக்கா' என்கிற சொல்தான். இதையும் எடுத்துக்கொண்டாளா? அந்த எரிச்சலில்தான் மேலே இருந்ததைப் படித்தாள்.

தேய்ப்புக் கடை, பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஓனர் காலி செய்யச் சொல்லிக் கேஸ் போட்டிருக்கிறார் என்று முதல் வரியிலேயே இருந்தது. யார் என்று சந்தேகமே இல்லை. அந்த இடத்தில் கண்ணை எடுத்திருக்க வேண்டும். நமக்கென்று வராத கடிதத்தை, அதுவும் எதிர்க்கட்சி தன் வக்கீலென்று நம்பி எழுதியதை, தெரியாமல் பார்த்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். விதி அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போன மழைக்காலத்துல எனக்கு ஆபரேஷன் ஆச்சு. நிக்க முடியாது. கடைய என் சின்னம்மா மகள்கிட்ட விட்டேன். வர்றதுல பாதி அவளுக்கு, பாதி எனக்கு. மழை முடிஞ்சு நானே வந்துட்டேன். ஒப்பந்தத்துல வேற யாருக்கும் உள்வாடகைக்கு விடக் கூடாதுன்னு இருக்குதாம். இது அதுல சேருமா? என் வக்கீல்கிட்ட கேட்டா பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னே போயிடறாரு, நின்னு கேக்க மாட்டேங்கறாரு."

அதற்குக் கீழே தங்கையின் பதில். "கவலைப்படாதீங்க. இதப் பத்தி யார்கிட்டயும் பேச வேணாம். நடந்தது எல்லாத்தையும் எனக்கு எழுதுங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

பெரியவள் கடைசி வரி வரைக்கும் படித்தாள். கேஸுக்கு வழி கிடைத்த சந்தோஷம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது, 'அகப்பட்டாயா' என்பதுதான். பேர் கேட்காமல் கதை கேட்டுவிட்டாள். தப்பே செய்யாதவள் தப்புச் செய்துவிட்டாள். அந்தத் தப்பு இப்போது தன் கையில் இருக்கிறது. பல நாளாக இப்படி வயிறு குளிர்ந்ததில்லை.

சாயங்காலம் தங்கையிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பேரும் விலக வேண்டும், இருக்கிற ஒரே முதலாளியும் போய்விடுவார். சின்னவள் கண்ணைப் பெரிதாக்கி "ஐயோ, சாரிக்கா" என்பாள். அம்மா அவளுக்குத்தான் ஆறுதல் சொல்வாள். பெரியவள் சொல்லவில்லை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு திரையை அணைத்தாள்.

அந்த வாரமே சங்கத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். இணையத்தில் கட்சிக்காரரை எப்படி ஏற்பது, எது முறை, எது முறைகேடு என்பதுதான் தலைப்பு. பேசக் கூப்பிட்டிருந்தது சின்னவளை. மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் நாற்காலி. பெரியவள் கடைசி வரிசையில், மின்விசிறி எட்டாத இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தருக்குன்னு பேசிட்டோம்னா அவங்க நம்ம கட்சிக்காரங்க ஆயிடறாங்க" என்று சின்னவள் மேடையில் சொன்னாள். "காசு வாங்கலையேன்னு தப்பிக்க முடியாது. அவங்க சொன்ன ரகசியம் நம்ம பொறுப்பு. இத எனக்குச் சொல்லிக்குடுத்தது எங்க அக்கா. அதோ பின்னாடி இருக்காங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். பெரியவள் சிரித்தாள். என்னுடைய வாக்கியத்துக்கு இவள் கை தட்டு வாங்கிக்கொண்டு, அதிலிருந்து ஒரு துண்டைப் பின்வரிசைக்கு எறிகிறாளே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பக்கத்து நாற்காலிக்காரர், "நல்லா வளத்திருக்கீங்க" என்று வேறு சொன்னார்.

அப்போதும்கூட அந்த உள்வாடகை விஷயத்தைக் கோர்ட்டில் கேட்பதாக அவள் முடிவு செய்திருக்கவில்லை. கைத்தாளில் அது இல்லை. விசாரணை நாளன்று காலையில், கோர்ட்டு வராந்தாவில் கட்டட முதலாளி அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தங்கச்சிய ஒரு தடவ இந்தக் கேஸப் பாக்கச் சொல்லலாமா?"

"எதுக்கு?"

"சும்மா ஒரு யோசனைக்குத்தான். என் பொண்ணு அவங்க வீடியோ எல்லாம் பாக்குது. உங்க வக்கீலோட தங்கச்சியாப்பா அவங்க, அப்ப அவங்ககிட்டயே குடுத்திருக்கலாமேன்னு கேக்குது."

பெரியவள் கவுனின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டாள். "உள்ள வந்து உக்காருங்க. இன்னிக்கு நான் கேக்கறதக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க" என்றாள்.

தேய்ப்புக் கடைக்காரம்மா கூண்டில் ஏறினாள். புடவையில் ஒரு சுருக்கம் கிடையாது. கை இரண்டிலும் பழைய சூட்டுத் தழும்புகள். பெரியவள் முதலில் கைத்தாளில் இருந்ததைக் கேட்டாள். எப்போதிருந்து கடை, எத்தனை மணிக்குத் திறக்கிறாய், எப்போது மூடுகிறாய் என்று. அந்த அம்மா தைரியமாகவே பதில் சொன்னாள். பெரியவள் தாளை மடித்து மேசையில் வைத்தாள்.

"போன மழைக்காலத்துல கடைய நடத்தினது யாரு?"

அந்த அம்மா தன் வக்கீல் பக்கம் பார்த்தாள்.

"உங்களுக்கு அப்ப ஆபரேஷன். நிக்க முடியாது. சரிதானே?"

"ஆமாங்க."

"அப்ப கடையில நின்னது உங்க சின்னம்மா மக. வருமானத்துல பாதி அவங்களுக்கு, பாதி உங்களுக்குன்னு பேச்சு. ஆமாவா இல்லையா?"

அவளுடைய வக்கீல் அப்போதுதான் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். கூண்டின் கம்பியை அந்த அம்மா இறுகப் பிடித்தாள்.

"ஆமாங்க" என்றாள். அப்புறம் பெரியவளையே பார்த்துக்கொண்டு, "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"கேள்வி கேக்கறது நான்."

"இல்லைங்கம்மா. என் சின்னம்மா மக ஊர்லயே இல்ல. நான் இத ஒருத்தர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். அவங்க யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க. நான் சொல்லல."

நீதிபதி பேனாவை நிறுத்தினார். "யார்கிட்ட சொன்னீங்க?"

"சட்டத் தங்கச்சிகிட்டங்க ஐயா. போன்ல வருவாங்களே, அவங்ககிட்ட."

கோர்ட்டில் அந்தப் பேர் தெரியாதவர் யாரும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெரியவளைப் பார்த்தார்.

"அவங்க உங்க தங்கச்சிதானே, வக்கீலம்மா?"

"ஆமாங்க ஐயா."

"ஒரே ஆபீஸா?"

"ஒரே ஆபீஸ்தாங்க."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேஸைத் தள்ளிவைத்தார், சங்கத்துக்கு எழுதினார். கூண்டிலிருந்து இறங்கிய அந்த அம்மா ஒரு படியைக் கவனிக்காமல் தடுமாறினாள். "வித்துட்டாளே, சிரிச்சுச் சிரிச்சே வித்துட்டாளே" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனது பெரியவளுக்குக் கேட்டது. முதலாளி மட்டும் வெளியே வந்து, "பிரமாதம் மேடம்" என்று கை கூப்பினார். அந்தப் பாராட்டுக்காகத்தான் இத்தனையும். அது கிடைத்தபோது ஒரு ருசியும் இல்லை.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. சமையல்கட்டில் எல்லாரும் இருந்தார்கள். அம்மா அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் போன் பேசாமல் கிடந்தது. வீட்டுக்காரர் கைவிரல் பெயின்ட்டைத் துணியால் துடைத்துத் துடைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் கத்தவில்லை. "எப்பக்கா படிச்சே?" என்றாள்.

"மழையில நீ கிளம்பிப் போன அன்னிக்கு."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ பேரு கேட்டிருக்கலாமே."

சின்னவள் தலையை ஆட்டினாள். "கேட்டிருக்கணும். அது என் தப்புத்தான். அந்த அம்மா எனக்கு எழுதியிருக்கு, நீங்களும் ஒரு பொண்ணுதானேன்னு. நான் என்ன பதில் எழுதறது? நான் சொல்லலன்னு எழுதினா யாரு நம்புவா?"

அம்மா கரண்டியை வைத்துவிட்டு, "சின்னவ பேருக்கு ஒண்ணும் வந்துடாதில்ல?" என்று கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. அடி பெரியவளுக்குத்தான் விழுந்தது.

"வரும் அத்தை. ரெண்டு பேருக்குமே வரும்" என்றார் வீட்டுக்காரர். பெண்டாட்டி முன் தட்டை நகர்த்தினார். "நீ சாப்பிடு. அப்புறம் பேசிக்கலாம்."

ரொட்டியைப் பிய்த்தாள். சின்னவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. விசாரணையில நாந்தான் உங்கிட்ட சொன்னேன்னு சொல்லிடறேன். ஒரே ஆபீஸ், பேச்சுவாக்குல வாய் விட்டுட்டேன்னு. எம்மேல ஒரு தப்பு ஏற்கெனவே இருக்கு. அதோட இதுவும் போகட்டும். திருட்டுத்தனமா படிச்சேன்னு உன் பேர்ல எழுத வேணாம்."

"எதுக்குடி?"

"உனக்கு இது ஒண்ணுதானேக்கா இருக்கு. கவுனக் கழட்டச் சொல்லிட்டா நீ என்ன செய்வே? எனக்குன்னா பேசறதுக்கு ஆளுங்க இருக்காங்க. எப்படியும் பொழைச்சுக்குவேன்."

அன்பாகத்தான் சொன்னாள். கண்கூடக் கலங்கியிருந்தது. பெரியவள் தட்டைப் பார்த்துக்கொண்டே "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காக அவளுக்குத் தன்மேல் வந்த வெறுப்பைவிட, அதைச் சொல்ல வைத்தவள்மேல் வந்த வெறுப்பு அதிகமாக இருந்தது.

விசாரணை சங்கக் கட்டடத்தின் மாடியறையில் நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பெரியவர்கள். நடுவில் மதில்சுவர்த் தலைவர். ஒரு பக்கம் அக்கா தங்கை, மறுபக்கம் தேய்ப்புக் கடைக்காரம்மா. அந்த அம்மா சின்னவளைத் திரும்பியே பார்க்கவில்லை. போனில் சிரித்த முகத்தை நேரில் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது.

சின்னவள் எழுந்தாள்.

"ஐயா, தப்பு என்னோடது. பேரும் எதிர்ப்பக்கமும் கேக்காம இவங்ககிட்ட ரகசியம் வாங்கினேன். அத நானே எங்க அக்காகிட்ட..." அந்த இடத்தில் குரல் உடைந்தது. "எங்க அக்காமேல எதுவும் இல்லைங்க. அவங்ககிட்ட கத்துக்கிட்டும் நான் இப்படிப் பண்ணிட்டேன்."

தலைவரின் முகம் இளகியது. பக்கத்திலிருந்தவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். தேய்ப்புக் கடைக்காரம்மாகூட மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். கோபமான பார்வைதான், ஆனாலும் அதன் ஓரத்தில் கொஞ்சம் இரக்கமும் இருந்தது. பெரியவள் அதைப் பார்த்துவிட்டாள். குற்றத்தை ஒப்புக்கொள்வதிலும் இவள்தானா நல்ல பேர் வாங்க வேண்டும்? நான் செய்த தப்புக்குக்கூட இவளுக்குத்தான் தண்ணீர் கொடுப்பார்களா?

"அவ பொய் சொல்றாங்கய்யா."

தான் எழுந்து நிற்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா, உக்காரு."

"நீ உக்காருடி. ஐயா, அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கம்ப்யூட்டர்ல தொறந்து இருந்துச்சு. நான் படிச்சேன். முதல் வரியிலயே யாருன்னு தெரிஞ்சுபோச்சு. நிறுத்தல. கடைசி வரைக்கும் படிச்சேன். கோர்ட்டுல நான் கேக்கற வரைக்கும் அவளுக்குத் தெரியாது."

தலைவர் முன்னால் சாய்ந்தார். "விதி தெரியாதா உங்களுக்கு?"

"தெரியுங்க. அவளுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்."

"கேஸ் ஜெயிக்கணும்னு படிச்சீங்களா?"

"இல்லைங்க. அது அப்புறம் வந்த எண்ணம். அவ தப்புப் பண்ணியிருக்கான்னு பாக்க ஆசையா இருந்துச்சு. அதனாலதான் நிறுத்த முடியல."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு தலைவரைப் பார்த்தார். அதை எந்த விதியின் கீழ் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில், பெரியவள் ஒரு வருஷத்துக்குக் கோர்ட்டுப் படி ஏறக் கூடாது என்று எழுதினார்கள். சின்னவளுக்குக் கண்டனம். இனிமேல் பேரும் எதிர்ப்பக்கமும் தெரியாமல் ஒருவருக்கும் தனியாகப் பதில் எழுதக் கூடாது. கூண்டில் சொன்னதைக் குறிப்பிலிருந்து நீக்குவதா வேண்டாமா என்பது நீதிபதி பாடு. முதலாளி வேறு வக்கீலைப் பார்த்துவிட்டார் என்று ஒருவர் சொன்னார். முதலாளியின் காதில் விழுந்ததை நீக்க இந்த மேசைக்கோ அந்த மேசைக்கோ அதிகாரமில்லை. சின்னம்மா மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று அவர் ஆள் விட்டு விசாரிக்கத் தொடங்கிவிட்டாராம்.

வெளியே மழை விட்டிருந்தது. படிக்கட்டு முழுவதும் ஈரம். பெரியவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தபோது தேய்ப்புக் கடைக்காரம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் நின்றிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். உள்ள சொன்னீங்களே, தங்கச்சி தப்பப் பாக்க ஆசைன்னு. அது எனக்குப் புரியல."

பெரியவள் சுற்றி வளைக்கவில்லை. "பொறாமைம்மா."

"அவங்க மேலயா?"

"ஆமா."

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எனக்கும் தங்கச்சி இருக்கா. எனக்கும் வந்திருக்கு. வராம இருக்காது" என்றாள். "ஆனா அவங்க மேல எரிச்சல்னா அவங்க மூஞ்சில கரியப் பூசியிருக்கலாம், வீட்டுக்குள்ள சண்டை போட்டிருக்கலாம். அதுக்கு என் கடையா கெடச்சிது உங்களுக்கு?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இத்தனை நாளில் இந்த அம்மாவைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பதுதான் பதில். அதை எப்படிச் சொல்வது?

பின்னால் சின்னவள் இறங்கி வந்தாள். "நான் பேரு கேட்டிருக்கணும்மா. என்ன மன்னிச்சிடுங்க" என்றாள். தேய்ப்புக் கடைக்காரம்மா அவளை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சின்னவளின் தோளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கையால் தட்டிவிட்டாள்.

"நான் வரேன்மா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.

பெரியவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போகிறவள் தன்னிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போயிருக்கலாமே என்று இருந்தது. அந்த நிலையிலும் அவளுக்கு வயிறு எரிந்தது.